லண்டன் வீட்டுப் பூசணிக்காய்

எங்கள் காலனியில் இங்கிலாந்து என்று ஒரு தேசமே கிடையாது. லீட்ஸ், ஹல், பர்மிங்காம் எல்லாம் லண்டன்தான். யார் எந்த ஊருக்குப் போனாலும் அந்த வீடு மறுநாளிலிருந்து 'லண்டன் வூடு'. அப்படி ஏழு வீடுகள், அதில் ஒன்று என்னுடையது. என் மனைவி ஜெனிட்டா பிராட்ஃபோர்டு பக்கம் வயசானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுக்கும் வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே, "இன்னா லண்டன், செகண்ட் ஷிப்டா?" என்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருஷம் அவள் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், இந்த வேலைக்கு வருகிறவர்கள் புருஷன் பிள்ளையைக் கூட்டிவரக் கூடாது என்று அங்கே சட்டம் போட்டார்கள். செங்கல்பட்டு ஏஜெண்டு அதை முதலில் சொல்லவில்லை. பதினாலு லட்சத்தை வாங்கி உள்ளே வைத்த பிறகு சொன்னான். கடன் வாங்கியாகிவிட்டது, இனி திரும்ப முடியுமா? எங்கள் மகள் ஷைனிக்கு அப்போது ஐந்து வயசு. அவளை என் அக்கா சந்திரம்மா வீட்டில் விட்டுவிட்டு நான் ஷிஃப்டுக்குப் போக, ஜெனிட்டா விமானம் ஏறினாள். ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் நிரந்தரமாகத் தங்கலாம், அப்புறம் குடும்பத்தோடு போய்விடலாம் என்று கணக்கு. அந்த ஐந்தைப் பத்தாக்கப் போகிறோம், பதினைந்தாக்கப் போகிறோம் என்று அவர்கள் பேச ஆரம்பித்ததும் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டோம்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அவள் போன் செய்தாள். எங்களுடையது காதல் கல்யாணம். அவள் என்னை நீ என்றுதான் பேசுவாள்.

"வெளிநாட்டு ஆளுங்கள எடுக்குற கம்பெனி லைசென்ஸ புடுங்கிட்டாங்க, ஷைனி அப்பா. கவர்மெண்ட்லர்ந்து லெட்டர் வந்துகீது. அறுவது நாளு டைம். அதுக்குள்ள லைசென்ஸ் கீற வேற கம்பெனி என்ன எடுத்துக்கணும். இல்லாங்காட்டி கெளம்பணும்."

"நீ இன்னா தப்பு பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? அவங்க இல்லாத வேலைய இருக்குன்னு கணக்கு காட்டி எங்கள இட்டாந்துகீறாங்க. மாட்டிகினாங்க."

எங்கள் லைனில் மிஷின் அளவு தப்பினால், அது போட்ட பார்ட்டுகளையெல்லாம் சிவப்புப் பெட்டியில் தள்ளுவோம். ஜெனிட்டாவையும் அவளோடு வேலை பார்த்த இருபது பேரையும் அப்படித்தான் தள்ளியிருந்தார்கள். பார்ட்டுக்குக் கடன் கிடையாது, குழந்தை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். புதுப் போன் வாங்கக் காசில்லை என்பதால் அடிக்கவில்லை.

வேலை இல்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கவனிக்க ஆள் இல்லாமல் முதியோர் இல்லங்களில் பாதிக் கட்டில் காலியாகக் கிடக்கிறதாம். அந்த ஊர் நகராட்சி கொடுக்கிற காசுக்கு உள்ளூர்க்காரர் யாரும் அந்த வேலைக்கு வருவதில்லையாம். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் ஜூலையில் மூடிவிட்டார்கள். உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் லைசென்ஸ் உள்ள சில இடங்களுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

"மாசா மாசம் வரி புடிச்சிகினுதான் சம்பளம் குடுத்தாங்க. இப்ப வேல இல்ல, டீக்குக்கூட ஒரு காசு கேக்க முடியாது. கவர்மெண்ட் ஒதவி கேக்கக் கூடாதுன்னு விசாவுலயே போட்டுகீது. டிவியத் தொறந்தா, நாங்கதான் வந்து அவங்க காச துன்னுட்டு கீறோம்னு ஒருத்தன் பேசிகினு இருக்கான்" என்றாள்.

லண்டன் பணம் வந்துதான் எங்கள் காலனிக்குப் பழக்கம். அந்தப் பணத்தில்தான் திருக்கழுக்குன்றம் சிமெண்ட் கடைக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லத் தொடங்கினார். சர்ச் காம்பவுண்டு சுவரில் முக்கால்வாசி அந்தப் பணம்தான். இப்போது நான் சீட்டுப் பணத்தை எடுத்து, செங்கல்பட்டு பேங்கில் வரிசையில் நின்று, இங்கிருந்து அங்கே அவளுடைய வாடகைக்காக முப்பத்தைந்தாயிரம் அனுப்பினேன். கவுண்டரில் இருந்த பெண் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, "படிக்கிறாங்களா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம்கூட எனக்கு உண்மை வாயில் வரவில்லை.

காலனியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. எங்கள் அப்பாவும் தாத்தாவும் பிறத்தியார் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பெயரோடு 'வூடு' என்று சேர்த்து எங்களை ஊரார் சொன்னது இந்த ஒன்றரை வருஷமாகத்தான். அதை ஒரு லெட்டர் வந்ததற்காக இழக்க எனக்கு மனசில்லை.

வழி ஒன்று தெரிந்தது. ஏசுபாதம் மாமா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சர்ச் கமிட்டியில் பொருளாளர். அவர் மகள் ரூத் ஹல்லில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அங்கே நல்ல பெயர். "ரூத்து வேல பாக்குற எடத்துல ஒரு ஆளு வோணுமாம். லைசென்ஸ் கீற எடம். அந்த மேனேஜரம்மா இது சொல்ற ஆளத்தான் எடுத்துக்கும்" என்று மாமா சர்ச் வாசலில் பெருமையடித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஜெனிட்டாவிடம் சொன்னேன்.

"இன்னிக்கே போய் மாமாகிட்ட கேளு. நான் ரூத்தோட அவ்ளோவா பேசினது கெடையாது. பெரியவங்க சொன்னாதான் அது எடுத்துக்கும்" என்றாள்.

கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஈஸ்டர் அன்றைக்கு டீ குடிக்கும்போது பத்துப் பேர் நடுவில் அதே மாமா, "பூபாலனுக்கு இன்னா கவல? பொண்டாட்டி பவுண்டு அனுப்புது, இவன் உக்காந்து துன்றான்" என்று சொல்லியிருந்தார். மாமன் முறை, கிண்டலுக்கு உரிமை உண்டு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறு மாதம் கழித்தும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கடைசியில் அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அறுபதில் முப்பத்தோரு நாள் மிச்சம்.

அதற்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் மேரியம்மா எழுந்து நின்றார். மேரியம்மா புருஷன் இல்லாதவர். அவருடைய மருமகள் திவ்யா பர்மிங்காமில் இருக்கிறாள். "என் மருமவளுக்கு வேல போச்சி. கம்பெனிய மூடிட்டாங்க. இன்னும் ஒரு மாசத்துல தொரத்திடுவாங்களாம். வூடு அடமானத்துல கீது. சபையார் எல்லாரும் முட்டி போட்டு ஜெபம் பண்ணணும்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சபையே கண் கலங்கியது. நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டு விஷயத்தை இப்படியா சந்தி சிரிக்க வைப்பது என்று அந்த அம்மாளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். என் பாக்கெட்டில் அதே செய்தி இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. அறுக்க ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களின் அறுப்புப் பண்டிகை எங்களுடையது. சனிக்கிழமையே திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுக்குப் போய் காசு கொடுத்துக் காய் வாங்கிவந்து ஆண்டவருக்குப் படைப்போம். வாழைத்தார், சேவல், முட்டை, கோவளத்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் வஞ்சிரம் எல்லாம் பீடத்தின் முன்னால் இருக்கும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். ஐம்பது ரூபாய்த் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பதுதான் அடுத்த பண்டிகை வரைக்கும் பேச்சு. ஏலத்தொகையைக் கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும். முதல் காணிக்கையாக வைக்கிற பொருளை எடுப்பவருக்குத் தனி மரியாதை. இந்த வருஷம் அது ஒரு பூசணிக்காய்.

ஏலம் விட அப்பாசாமி அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஐந்நூறில் ஆரம்பித்தது. ஏசுபாதம் மாமா எட்டாயிரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் ஷைனியை மடியில் வைத்துக்கொண்டு, பூசணிக்காயைப் பார்க்காமல் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா இது, ஒரே ஒரு லண்டன் வூடுதான் கேக்குது! மத்த லண்டன்லாம் தூங்குதா? பூபாலா, இன்னா, பவுண்டு எறங்கிடுச்சா?"

அப்பாசாமி அண்ணன் மைக்கில் கேட்டதும் பந்தல் முழுக்கச் சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஏசுபாதம் மாமா என் பக்கம் திரும்பினார். "வுடு அப்பாசாமி. பொண்டாட்டியக் கேட்டுட்டுதான் அவன் வாயத் தொறப்பான்."

"பத்தாயிரம்" என்றேன்.

அதற்குப் பிறகு பேசியது நானில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். நான்தான் பேசினேன். மாமா பன்னிரண்டு என்றார், நான் இருபது என்றேன். அவருக்கும் ரோஷம். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது என்று அவர் சொன்னதும், மடியிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து நின்று, "நாப்பத்தோராயிரம்" என்றேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைதட்டலில் காது அடைத்தது. யாரோ பூசணிக்காயை என் தோளில் ஏற்றினார்கள், யாரோ வீடியோ எடுத்தார்கள். ஜெனிட்டாவின் அடுத்த மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று மீதி வைத்திருந்த சீட்டுப் பணம் என் கணக்கில் சரியாக நாற்பத்திரண்டாயிரம்.

தோற்ற மாமாவே முதலில் வந்து கட்டிப்பிடித்தார். அவர் மனசில் ஒன்றும் கிடையாது, அந்த மனுஷன் அப்படித்தான். "கலக்கிட்ட மாப்ள! சரி, ஜெனிட்டா எப்பிடி கீது? வேலயெல்லாம் இன்னா மாதிரி?"

கேட்டாரே! நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதை அவரே வந்து என் வாயில் எடுத்து வைத்தார். சுற்றிலும் ஆட்கள். தோளில் பூசணிக்காய்.

"சூப்பரா கீறா மாமா. ஓவர்டைம்லாம் தராங்க" என்றேன்.

அன்றைக்குச் சாயந்தரம் ஜெனிட்டா கூப்பிட்டபோது, மாமா வேலையாக இருந்தார், நாளைக்குக் கேட்கிறேன் என்றேன்.

"வீடியோ பாத்தேன். சர்ச் குரூப்ல போட்டுகீறாங்க" என்றாள். எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம்.

திங்கள் முதல் ஷிஃப்டு, செவ்வாய் ஓவர்டைம். கிடைத்தது, விட முடியாது. புதன்கிழமைதான் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் யாருடைய இஸ்திரிப் பெட்டியையோ பிரித்துப் போட்டு வயர் மாற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லெட்டர், அறுபது நாள், வாடகை, பேங்கு, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது.

"இத ஏன்டா இப்ப வந்து சொல்ற?"

"தப்புதான் மாமா."

"நேத்து காலைல ரூத்து போன் பண்ணிச்சிடா. 'ஜெனிட்டா அக்கா வேல கேட்டுச்சி, ரொம்ப கஷ்டம்னு சொல்லிச்சி. திவ்யா அக்காவும் கேக்குது. ஒரு எடந்தான் கீது, யாருக்குப்பா சொல்றது'ன்னு கேட்டுச்சி. நான் இன்னா சொல்லுவேன்? 'ஜெனிட்டாவுக்கு இன்னாம்மா கஷ்டம்? முந்தாநேத்துதான் அவ புருஷன் நாப்பத்தோராயிரம் குடுத்து பூசணிக்கா எடுத்தான். ஓவர்டைம் தராங்கன்னு அவன் வாயாலயே சொன்னான். நல்ல எடம் கெடச்சா மாறலாம்னு கேக்குது போலகீது. மேரிக்குதான் வூடே போவப்போவுது, திவ்யாவுக்கு சொல்லு'ன்னேன்."

ஜெனிட்டா எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை தானே ரூத்திடம் பேசியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் வாய்விட்டுக் கேட்டதை என் பூசணிக்காய் பொய்யாக்கிவிட்டது.

மாமா உடனே ரூத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "திவ்யா அக்கா பேப்பர் நேத்தே ஆபீஸுக்குப் போயிடுச்சிப்பா. இனிமே ஒண்ணியும் பண்ண முடியாது" என்றாள். பிறகு, "பூபாலன் மாமா அங்க கீறாரா?" என்று கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

போனை வைத்துவிட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம நானே வந்து கேட்டேனேடா உன்ன. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு பொழப்ப நான் கெடுத்துட்டனேடா" என்றார். கெடுத்தது அவரில்லை. அவர் என்னை அறைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் பாட்டுக்குத் தன்னையே நொந்துகொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிறு மேரியம்மா ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார். சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. திவ்யாவும் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். ஆனால் அல்லேலூயா சொல்ல வாய் வரவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஜெனிட்டா விடவில்லை. நூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாள். நாலு இடத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். ஒருவன் எட்டாயிரம் பவுண்டு கொடுத்தால் பேப்பர் தருகிறேன் என்றான். இன்னொரு வீட்டில் விசா இல்லாமலே தங்கி வேலை செய், கையில் காசு தருகிறோம் என்றார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. என்ன சொல்லட்டும் என்று என்னைக் கேட்டாள். பதினாலு லட்சத்தில் ஒன்பது இன்னும் பாக்கி. பாதியில் நின்றுபோன மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற தூண்கள். வா என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அந்த ஒரு நிமிஷத்தை அவள் கவனித்திருப்பாள்.

"வந்துடு" என்றேன்.

"டிக்கெட் போட்டுடறேன். வர்ற வெள்ளிக்கெழம" என்றாள். அப்புறம் சொன்னாள்: "வேல போச்சின்னு சொல்லாத. புள்ளைய வுட்டு இருக்க முடியல, நானே வேலய வுட்டுட்டு வர்றேன்னு சொல்லிடு. யாரும் உன்ன ஒண்ணியும் கேக்க மாட்டாங்க. மாமாகிட்டயும் ரூத்துகிட்டயும் நான் பேசிட்டேன், அவங்க வெளிய சொல்ல மாட்டாங்க."

கிளம்புகிற நேரத்திலும் என் மானத்துக்கு அவள்தான் வழி செய்து வைத்திருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. ஊருக்குப் போகும்போது கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் போ என்பது போல ஒரு வேலையாகச் சொன்னாள். நான் சரி என்றேன். அதற்கும் சரி என்றேன் பாருங்கள்.

மறுநாள் ஷிஃப்டு முடிந்து வந்து அக்கா வீட்டிலிருந்து ஷைனியைக் கூட்டிவந்தேன். சட்டை மாற்றிவிடும்போது, "அம்மா வெள்ளிக்கெழம வர்றாங்க" என்றேன்.

குழந்தை நம்பவில்லை. "போன்லயா?"

"இல்ல. வூட்டுக்கே."

"எத்தினி நாளு லீவு?"

ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை லீவு எத்தனை நாள் என்று கேட்கிறது. ஊருக்குச் சொல்ல வைத்திருந்த கதையை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. "லீவு இல்லம்மா. அம்மாவுக்கு அங்க வேல இல்ல. இனிமே போவ மாட்டாங்க" என்றேன்.

"போவவே மாட்டாங்களா?"

"போவவே மாட்டாங்க."

பாதிச் சட்டையோடு என் கையிலிருந்து நழுவித் தெருவுக்கு ஓடினாள். "எங்கம்மாவுக்கு லண்டன்ல வேல இல்ல! எங்கம்மா வர்றாங்க! இனிமே போவவே மாட்டாங்க!" ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கத்தி நான் கேட்டதில்லை. ஓடிப்போய் வாயைப் பொத்தலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கதவுகள் திறந்தன. குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னாடா சொல்லுது புள்ள?"

ஜெனிட்டா சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது. தெருக் கோடியில் அப்பாசாமி அண்ணன் ஷைனியைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"நெசந்தான்கா" என்றேன். "அவளுக்கு வேல போச்சி. செப்டம்பர்லயே போச்சி. வேற எடம் கெடச்சிருக்கும். நான்தான் கெடுத்துட்டேன்."